தெளிவாக் கேட்டது

பிப்ரவரி 9

அண்ணாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கினால் பொய்யாகிவிடும். மூன்று வருஷமாக எனக்கு அந்த ஆவல் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன் போட்டிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போட்டால் அண்ணிதான் எடுப்பார். நான் சொல்வதை அவர் உங்கள் காதுக்குப் பக்கத்தில் வந்து கத்த வேண்டும். எதிர்வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்க வேண்டிய விஷயம் இல்லை இது. அதனால் கடிதம்.

நீங்களும் என் வீட்டுக்காரரும் வேலை பார்த்த ஷெட்டை மூடிவிட்டார்களாம். கிரேனைத் துண்டு துண்டாக வெட்டிப் பழைய இரும்புக்கு ஏற்றிப்போனார்கள் என்று கேள்விப்பட்டேன். நீங்கள் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்திருந்த கண்ணாடிக் கூண்டும் அதோடு போயிருக்கும். நீங்கள் ஓய்வு பெற்றும் ஒரு வருஷம் ஆகிறது. இனி உங்களிடமிருந்து யாரும் எதையும் பிடுங்க முடியாது. விசாரணை கிடையாது, அதிகாரி கிடையாது. இப்போதாவது உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

நடந்தது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் மனதுக்குள் ஆயிரம் தடவை எழுதிப் பார்த்ததை ஒரு தடவை தாளில் எழுதிவிடுகிறேன். நீங்கள் மேலே கூண்டில் இருந்து இரும்புத் தகடுகளைத் தூக்குவீர்கள். இவர் கீழே நின்று சிக்னல் கொடுப்பார். பதினாலு வருஷம் அப்படித்தான் ஓடியது. உங்கள் காது மந்தமாகிறது என்பதை அண்ணிக்கும் முன்னால் கண்டுபிடித்தவர் இவர்தான். ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. கத்துவதை விட்டுவிட்டு ஸ்பேனரால் இரும்புத் தூணில் தட்ட ஆரம்பித்தார். ஒரு தட்டு என்றால் இறக்கு, இரண்டு தட்டு என்றால் நிறுத்து. ஷெட்டில் இவருக்கு ‘டமாரம்’ என்று பெயர். நம் வீட்டில் உட்கார்ந்து, “நம்ம ஜோடியப் பாருங்க மச்சான், டமாரமும் டமாரச் செவிடும்” என்று சொல்லிச் சிரிப்பார். நீங்களும் சேர்ந்துதான் சிரித்தீர்கள்.

அன்றைக்கு அந்த ஸ்பேனரை வெல்டர் வாங்கிக்கொண்டு போயிருந்தார். தகடு அந்தரத்தில் தொங்கும்போது வெல்டர் அதற்கு அடியில் குனிந்து எதையோ முறுக்கிக்கொண்டிருந்தார். அடுக்கிவைத்த தகடுகளுக்குப் பின்னால் இருந்து இவர் அதைப் பார்த்துவிட்டு, “கீழ ஆள் இருக்கு” என்று கத்தினார். உங்களுக்கு “இறக்கு” என்று கேட்டது. இறக்கினீர்கள். வெல்டருக்கு முழங்காலுக்கு மேல் வரை காலை எடுக்க வேண்டியதாயிற்று.

காது கேட்காதது ஒரு குற்றமா? அதற்காக எனக்குக் கோபம் இல்லை. என் கோபமெல்லாம் ஒரு சொல்லின் மேல்தான். விசாரணையில் நீங்கள் “இறக்குன்னு கேட்டது” என்று சொல்லியிருக்கலாம். “இறக்குன்னு தெளிவாக் கேட்டது” என்றீர்கள். அந்தத் ‘தெளிவா’ எதற்கு அண்ணா? இவர் உங்கள் பக்கத்திலேயே நின்றிருந்தார். உங்கள் காதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. உங்களுக்கு ஓய்வுக்கு இரண்டு வருஷம்தான் பாக்கி, பெண்ணுக்கு அப்போதுதான் கல்யாணம் பேசியிருந்தது. சொந்த மச்சானைக் காட்டிக்கொடுப்பதா என்று இருந்துவிட்டார். தப்பான சிக்னல் கொடுத்தார் என்று எழுதி இவரை வெளியே அனுப்பினார்கள்.

காது டாக்டரிடம் போங்கள். சோதனை செய்து, எத்தனை வருஷமாகக் கேட்கவில்லை என்று எழுதி வாங்குங்கள். மெஷின் போட்டுக்கொள்ளச் சொன்னால் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு இவருக்கு ஒரு வரி எழுதுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

தங்கை

பிப்ரவரி 20

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கண் நன்றாகத் தெரிகிறது. கண்ணுக்கும் ஒரு டாக்டரைப் பார்க்கச் சொல்லாமல் விட்டாயே, அந்த மட்டும் சந்தோஷம்.

எனக்குக் காது கேட்கவில்லை என்று எல்லோரும் கச்சை கட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறீர்கள். உள்ளதைச் சொல்கிறேன், கேள். இந்தக் காலத்தில் யாரும் வாயைத் திறந்து பேசுவதில்லை. எல்லாம் வாய்க்குள்ளேயே மென்று விழுங்குகிறார்கள். போன வாரம் மருந்துக்கடையில் அந்த ஆள் “சில்லறை இருக்கா?” என்று கேட்டாராம். எனக்குக் கல்லறை என்று விழுந்தது. “அதுக்கு இன்னும் நாள் இருக்குப்பா” என்றேன். கடையே சிரித்தது. அவர் ஒழுங்காகப் பேசியிருந்தால் எனக்கு ஏன் அப்படி விழுகிறது? உன் அண்ணியும் இப்போது பேசுவதில்லை. கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி நீட்டுகிறாள். ‘குளிக்கவும்.’ ‘மாத்திரை.’ ‘கதவைச் சாத்தவும்.’ அரசாங்க அறிவிப்பு மாதிரி இருக்கிறது. முப்பத்தைந்து வருஷம் பேசிப் பேசி அலுத்துவிட்டாள் போல. அதற்கும் என் காதுதான் பழியா?

அன்றைக்கு எனக்கு ‘இறக்கு’ என்றுதான் கேட்டது. கேட்டதைச் சொன்னேன். நான் பொய் சொன்னதாக நீ எழுதியிருப்பது என்னைக் குத்துகிறது. மாப்பிள்ளைக்குச் சத்தம் அதிகம், அதை நான் ஒப்புக்கொள்கிறேன். சத்தமாகப் பேசுகிறவர் எல்லாம் திருத்தமாகப் பேசுகிறவரா? அவசரத்தில் நாக்குப் புரண்டிருக்கலாம். மனுஷன்தானே. அப்படியே பார்த்தாலும், ஸ்பேனரை வெல்டரிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நின்றது யார்?

முடிந்ததைக் கிளறாதே. ஷெட்டே போய்விட்டது, அதோடு இதையும் விட்டுவிடு. உன் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

அண்ணன்

மார்ச் 3

அண்ணாவுக்கு,

என் முழங்காலைப் பற்றி விசாரித்ததற்கு நன்றி. முழங்காலே இல்லாதவர் ஒருவர் இருக்கிறார். அவரையும் ஒரு நாள் விசாரியுங்கள்.

உங்கள் கடிதத்தை இவரிடம் காட்டவில்லை. நாக்குப் புரண்டிருக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியைப் பார்த்தால் போதும், இவர் அதோடு முடிந்துபோவார். ஏன் என்று சொல்கிறேன். இதை உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

இவர் இப்போது ஒரு கிடங்கில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறார். பேச்சுக்கு அங்கே வேலையே இல்லை. வீட்டிலும் பேசுவதில்லை. தெருவே கேட்கிற மாதிரி தும்முகிற மனுஷன், இப்போது தும்மல் வந்தால்கூடத் துண்டால் வாயைப் பொத்திக்கொள்கிறார். ஆனால் காலையில் எழுந்ததும் வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற இடத்தில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, “இருக்கு... இறக்கு... இருக்கு...” என்று சொல்லிப் பார்க்கிறார். முதலில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிறகு என்னையும் கூப்பிட ஆரம்பித்தார். முதுகைத் திருப்பிக்கொண்டு ஒரு சொல்லைக் கத்துவார். “இப்ப நான் என்ன சொன்னேன்?” என்பார். “இருக்குன்னீங்க” என்பேன். “சரியாக் கேட்டியா?” என்பார். “சரியாத்தான் கேட்டேன்” என்பேன். அதற்குப் பிறகு டீயைக் குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்புவார். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. பைத்தியக்காரத்தனம்தான். ஆனாலும் தினம் ஒரு தடவை அவர் குரலைக் கேட்கிறேனே என்று எனக்கும் அது பழகிப்போயிற்று.

போன மாதம் ஒரு நாள் குழாயைத் திறந்துவிட்டு வாளி நிரப்பிக்கொண்டிருந்தேன். இவர் கத்தினார். “இப்ப என்ன சொன்னேன்?” நான் யோசிக்காமல் “இறக்குன்னீங்க” என்று சொல்லிவிட்டேன்.

அவர் சொன்னது ‘இருக்கு’. என் காது நல்ல காது அண்ணா. தண்ணீர்ச் சத்தம், அவ்வளவுதான். நான் எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். அவர் குழாயை மூடிவிட்டு வாளி மேலேயே உட்கார்ந்தார். “பாத்தியா, நீயே சொல்லிட்ட. என் வாயில அப்படித்தான் வருது போல. அன்னிக்கும் அப்படித்தான் வந்திருக்கும்” என்றார். அன்றிலிருந்து சொல்லிப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டார். அதற்கு மறுநாள்தான் உங்களுக்கு முதல் கடிதம் எழுதினேன்.

எனக்குப் போன வேலை திரும்ப வேண்டாம், போன பேரும் வேண்டாம். ஒரு மனுஷனுடைய காலை எடுத்தது தன் வாய்தான் என்று நம்பிக்கொண்டு இவர் சாகக் கூடாது. நான் சொன்னால் எடுபடாது, என் சாட்சியம் குழாயடியிலேயே கெட்டுப்போயிற்று. உங்களால் மட்டும்தான் சொல்ல முடியும்.

தங்கை

மார்ச் 15

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்து எட்டு நாளாகிறது. மூன்று தடவை பதில் எழுதிக் கிழித்தேன். நாலாவது இது.

உன் கடிதத்தைப் படித்ததும் ஒரு காரியம் செய்தேன். உன் அண்ணியைக் கூப்பிட்டு, எனக்குப் பின்னால் கதவோரம் நின்றுகொண்டு ‘இருக்கு’, ‘இறக்கு’ என்று மாற்றி மாற்றி பத்துத் தடவை சொல்லச் சொன்னேன். எது எது என்று அவள் ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும், நான் கேட்டதை நான் ஒரு தாளில் எழுத வேண்டும். எனக்குப் பத்தும் ‘இறக்கு’ என்றே கேட்டது. பென்சிலை அழுத்தி அழுத்தி எழுதினேன், அவ்வளவு நிச்சயம். திரும்பி அவள் தாளை வாங்கிப் பார்த்தேன். ஏழு தடவை ‘இருக்கு’ என்று சொல்லியிருக்கிறாள். இரண்டு தடவைதான் ‘இறக்கு’. ஒரு தடவை இரண்டும் இல்லை. “அடுப்புல பால் இருக்கு, பாத்துட்டு வரேன்” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் வந்திருக்கிறாள். அதையும் நான் ‘இறக்கு’ என்றுதான் எழுதி வைத்திருந்தேன்.

இருபத்திரண்டு வருஷம் அந்தக் கூண்டில் நான் காத்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு சொல்லுக்காகத்தான். எந்தச் சத்தம் வந்தாலும் என் காது அதை அந்தச் சொல்லாக்கிவிடுகிறது.

இப்போது எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். எனக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சரியாகக் கேட்கவில்லை. முதலில் பறவைச் சத்தம் போயிற்று, பிறகு காலிங் பெல், பிறகு பெண்கள் பேச்சு. வருஷா வருஷம் கம்பெனி டாக்டர் “காது கேக்குதா?” என்று கேட்பார். அவருக்குத் தடித்த உதடு, எட்டடி தூரத்தில் நின்றாலும் படித்துவிடலாம். “நல்லாக் கேக்குது சார்” என்று தேர்வில் தேறிவிடுவேன். கண்ணாடி போட்டவனைப் பார்த்தால் படித்தவன் என்கிறார்கள். காதில் மெஷின் போட்டவனைச் செவிடு என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அந்தச் சொல்லுக்குப் பயந்து பன்னிரண்டு வருஷத்தை ஓட்டியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

அந்தத் ‘தெளிவா’வைக் கேட்டிருந்தாய். விசாரணையில் எதிரே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் கையால் வாயை மறைத்துக்கொண்டு ஏதோ கேட்டார். எனக்கு அந்தக் கேள்வியே கேட்கவில்லை. கேட்கவில்லை என்று தெரிந்துவிடுமோ என்று பயந்துபோய்க் கொஞ்சம் அழுத்தமாக ஒரு பதிலைச் சொன்னேன். அப்படி வந்த சொல் அது. மாப்பிள்ளை அப்போது என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் ஒருவரிடமும் சொன்னதில்லை.

இருபத்தாறாம் தேதி காதுச் சோதனைக்கு நாள் வாங்கியிருக்கிறேன். மெஷினும் போட்டுக்கொள்ளப் போகிறேன். உன் அண்ணியிடம் சொன்னபோது ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு காலண்டர் தாளில், ‘இப்போதா?’ என்று எழுதிக் காட்டினாள்.

அண்ணன்

மார்ச் 29

அன்புத் தங்கைக்கு,

சோதனைத் தாளின் நகல் இதோடு இருக்கிறது. மாப்பிள்ளைக்குத் தனியாக ஒரு கடிதமும் வைத்திருக்கிறேன். அவர் கையிலேயே கொடு.

ஒரு சின்ன அறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்கள். பழைய கூண்டு ஞாபகம் வந்தது, ஆனால் இதில் சுவரெல்லாம் பஞ்சு. காதில் ஒன்றை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்டால் அழுத்துங்கள் என்றார்கள். சத்தமே வராதபோதும் அழுத்திக்கொண்டிருந்தேன். சோதனை செய்த பெண் வெளியே வந்து, “கேட்டா மட்டும் அமுக்குங்க சார். இதுல பாஸ், பெயில் எல்லாம் கிடையாது” என்றாள். அதைக்கூட உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

பிறகு ஒரு அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு இருபத்தைந்து சொற்களைச் சொன்னாள். நான் திருப்பிச் சொல்ல வேண்டும். ஏழு சரி. மற்றதெல்லாம் நான் கட்டிய கதை. எத்தனை வருஷமாக இப்படி என்று கேட்டாள். பன்னிரண்டு என்று சொன்னேன். வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் பேனாவை வைத்துவிட்டு, ஒவ்வொரு சொல்லாக, எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள்: “மெஷின் சத்தத்தப் பெருசாக்கிக் குடுக்கும் சார். அத வார்த்தையாப் பிரிக்கிறது மூளைதான். அதுக்கு இத்தன வருஷத்துல பழக்கம் விட்டுப்போச்சு. ஒரு பத்து வருஷம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா...” என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள் என்று நினைக்கிறேன். போட்டுக்கொண்டால் கொஞ்சமாவது உதவும், அமைதியான இடத்தில், ஒருவர் மட்டும் பேசினால் என்றாள். சரி என்றேன்.

மாப்பிள்ளைக்கு எழுதிய கடிதத்தில் என்ன எழுதினேன் என்று உனக்கும் சொல்கிறேன். அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்த சொல் எது என்று என் காதுக்குத் தெரியாது. ஆனால் கீழே ஆள் நிற்கும்போது இறக்கு என்று சொல்கிற மனுஷன் இல்லை அவர். பதினாலு வருஷம் அவர் சிக்னலை நம்பி இறக்கியவன் நான், அது எனக்குத் தெரியும். அவர் சரியாகச் சொன்னார், கேட்காதது என் காது, அதை மறைத்தது என் வாய். இதைத்தான் எழுதினேன். எழுதும்போது அழுதேன். உன் அண்ணி பார்த்தாள்.

அண்ணன்

ஏப்ரல் 7

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். சோதனைத் தாளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் அடுப்படி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். மடித்து உறைக்குள் வைத்துவிட்டு, “உங்கண்ணன் நல்ல மனுஷன். எனக்காக இப்படிப் பொய் எழுதியிருக்கார்” என்றார்.

எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. “பொய் இல்லைங்க, சோதனைத் தாள் இருக்கே, பாருங்க” என்றேன். “பேப்பர்ல என்ன வேணா எழுதலாம். விசாரணையிலயும் பேப்பர்லதான் எழுதினாங்க” என்றார். “இப்படி எழுதச் சொல்லி நீ கேட்டியா?” என்று கேட்டார். என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. அதோடு பேச்சு முடிந்தது.

நீங்கள் நேரில் வாருங்கள் அண்ணா. தாளை நம்பாதவர் உங்கள் முகத்தை நம்புவார். மெஷினைப் போட்டுக்கொண்டே வாருங்கள். அவர் ஏதாவது கேட்டால் உங்களுக்குக் கேட்க வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் நீங்கள் செய்ததை நான் மறந்துவிட்டேன் என்று எழுதமாட்டேன். ஆனால் வாருங்கள்.

தங்கை

ஏப்ரல் 20

அன்புத் தங்கைக்கு,

இரண்டு காதிலும் மெஷின் ஏறிவிட்டது. இருபத்தேழாம் தேதி ஞாயிறு காலை பஸ்ஸில் வருகிறேன்.

வருவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நீ ரொம்ப எதிர்பார்க்காதே. சத்தம் வருகிறது, ஏராளமாக வருகிறது. டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் கண்ணாடி உடைகிற மாதிரி இருக்கிறது. செய்தித்தாளைப் புரட்டினால் தகரக்கூரையில் யாரோ நடக்கிறார்கள். என் செருப்புச் சத்தத்தைக் கேட்டு நானே இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். பேச்சு மட்டும் வருவதில்லை. யாரோ அடுத்த அறையில் வேறு பாஷை பேசுகிற மாதிரி இருக்கிறது. ஒருவர் எதிரில் உட்கார்ந்து, உதடு தெரிய, நிதானமாகப் பேசினால் பாதிக்கு மேல் பிடித்துவிடுகிறேன். நாலு சத்தம் சேர்ந்துவிட்டால் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

மாட்டிக்கொண்டு வந்த அன்று உன் அண்ணி எதிரில் உட்கார்ந்து மெதுவாகப் பேசினாள், கத்தாமல். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவள் கத்தாத குரலைக் கேட்டேன். அவளுக்குக் குரல் கிழடாகியிருக்கிறது. எப்போது ஆயிற்று என்று எனக்குத் தெரியாது, நான் அந்தப் பக்கமே இல்லை. என்ன சொன்னாள் என்று புரியவில்லை. இன்னொரு தடவை சொல்லு என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் காலண்டர் தாளை எடுத்துக்கொண்டாள். ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிக் காட்டினாள்.

மாப்பிள்ளையிடம் பேச வேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்து மனப்பாடம் செய்திருக்கிறேன். உன் வீட்டில் குழாயை மட்டும் மூடிவை.

அண்ணன்

ஏப்ரல் 29

அன்புத் தங்கைக்கு,

சௌக்கியமாக வந்து சேர்ந்தேன். உனக்கு நன்றி சொல்லத்தான் உடனே எழுதுகிறேன். நீ விடாப்பிடியாக எழுதியிருக்காவிட்டால் நான் இப்படியே போய்ச்சேர்ந்திருப்பேன்.

வீட்டில் நான் பேசும்போது மாப்பிள்ளை தலையை நிமிர்த்தவே இல்லை. “உங்க மேல தப்பே இல்ல மாப்பிள்ளை, எனக்குத்தான் காது கேக்கல” என்று அவர் கையைப் பிடித்துச் சொன்னேன், நீயும் பார்த்தாய். “டீ ஆறுது, குடிங்க மச்சான்” என்பதோடு சரி. எடுபடவில்லையோ என்று பயந்தேன். ஆனால் என்னை வழியனுப்ப பஸ் ஸ்டாண்ட் வரை வந்தாரே, அங்கேதான் மனம்விட்டுப் பேசினார். உனக்கு அது தெரியாது, அதனால் எழுதுகிறேன்.

பஸ் புறப்படும் நேரம். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, தலை குனிந்தபடியே, நாலைந்து வரி பேசினார். சுற்றி என்ஜின் சத்தம், ஹாரன், மைக்கில் அறிவிப்பு. இந்த மெஷினுக்கு எல்லாம் ஒரே கணக்கு. அவர் சொன்னது ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை என்பதே உண்மை. ஆனால் கண்ணில் தண்ணீர் நின்றது. ஒரு மனுஷன் மன்னிக்கிறதைக் காதால்தான் கேட்க வேண்டுமா? அந்த நேரத்தில் போய் “என்ன சொன்னீங்க, திரும்பச் சொல்லுங்க” என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை. “ஆமா மாப்பிள்ளை, ஆமா” என்றேன். “அத மனசுல வச்சுக்காதீங்க” என்றேன். அவர் என்னைக் கட்டிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன். உன் அண்ணி தாளில் ஒன்றும் எழுதாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று அவளிடம் சொன்னேன்.

அண்ணன்

மே 6

அண்ணாவுக்கு,

இந்தக் கடிதத்தை அண்ணி இருக்கும்போது படியுங்கள்.

பஸ் ஸ்டாண்டில் இவர் உங்களிடம் என்ன கேட்டார் என்று அன்றைக்குச் சாயங்காலமே என்னிடம் சொன்னார். உங்கள் கடிதம் வரும் வரை உங்களுக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. நீங்கள் என்ன நினைத்து அப்படிச் சொன்னீர்கள் என்று தெரிய வேண்டியிருந்தது. தெரிந்துவிட்டது.

அவர் கேட்டது இது: “மச்சான், வீட்ல தங்கச்சி முன்னாடி நீங்க சொன்னது அவளுக்காக. இப்ப அவ இல்ல. உண்மையச் சொல்லுங்க. அன்னிக்கு நான் இறக்குன்னுதானே கத்தினேன்? நீங்க அதத்தானே கேட்டீங்க?”

நீங்கள் “ஆமா மாப்பிள்ளை, ஆமா” என்றிருக்கிறீர்கள்.

உங்கள் கடிதம் வந்ததும் அதை அப்படியே அவரிடம் கொடுத்தேன். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை என்று நீங்கள் எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன். படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். கோபத்தில் இல்லை, ஒரு குழந்தையைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி. “அப்பல்லாம் கேக்கலன்னு சொன்னா நம்பலாம். இப்ப ரெண்டு காதுலயும் மெஷின் போட்டிருக்கார். எம் முகத்துக்கு நேரா நின்னு, நல்லாக் கேட்டுத்தான் ஆமான்னார். பாவம், அப்புறம் மனசு கேக்காம உனக்கு மாத்தி எழுதியிருக்கார்” என்றார். அந்த மெஷினைப் போட்டுக்கொண்டு வாருங்கள் என்று எழுதியவள் நான். அதனால் உங்களை மட்டும் திட்டவும் எனக்கு வாய் இல்லை.

முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை வெல்டர் வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். போகிற விஷயம் எனக்குத் தெரியாது, தெரிந்தால் தடுத்திருப்பேன். “நான்தான் தப்பாச் சொன்னேன், எங்க மச்சான் வாயாலயே கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்” என்று அவரிடம் சொல்லியிருக்கிறார். வெல்டர் ஓடிக்கொண்டிருந்த டி.வி.யை அணைத்தாராம். பிறகு, “மூணு வருஷமா நீங்க சரியாத்தான் சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்” என்றாராம். எழுந்து கதவைத் திறந்துவிட்டாராம், ஊன்றுகோலோடு.

வீட்டுக்கு வந்து எனக்குப் பசிக்கிறது என்றார். கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நேற்று லீவு போட்டுவிட்டுப் பகலெல்லாம் தூங்கினார். ஒரு விஷயம் முடிவாகத் தெரிந்துவிட்ட மனுஷன் மாதிரி இருக்கிறார்.

மெஷினைக் கழற்றிப் போட்டுவிடாதீர்கள். அண்ணி அன்று சொன்னது என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் இங்கே வராதீர்கள் அண்ணா. வந்து இல்லை என்று சொன்னால் இவர் நம்பமாட்டார். ஒருவேளை நம்பிவிட்டால், மறுபடி வெல்டர் வீட்டுக்குப் போய் இவர் என்ன சொல்வார்? எதைச் சொன்னால் இனி யார் நம்புவார்கள்?

தங்கை